மிளகு டின்னும் வலது மிதியும்

என் மகளுக்கு வந்த மாத்திரைகளை ஐம்பது நாளுக்கு மேல் ஒளித்து வைத்தேன். இன்னும் மலைக்கு வந்து சேரவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன். மாத்திரைப் பெட்டிகள் எங்கள் அடுப்படியிலேயே, மிளகு டின்னுக்குள், மிளகுக்கு அடியில் கிடந்தன.

இதுவரை இந்தத் தொடரில், செடி சேகரிக்கப் போய்த் தேன்கூட்டில் கை வைத்தது, மாணவர்களை அழைத்துப் போய்ப் பனியில் வழி தவறியது என்று சிரிக்கிற கதைகளாகவே எழுதி வந்தேன். இதை எழுதச் சொன்னது பியூலா. அவள்தான் அந்த மகள்.

"எழுதுங்கப்பா. ஆனா அழுது வடியாம எழுதுங்க. நீங்க அழுதா கைக்குட்டை எடுத்துக் குடுக்க நாந்தான் எந்திரிக்கோணும். எனக்கு எந்திரிக்கிறதே பெரிய வேலை."

ஆகவே அழாமல் எழுதுகிறேன்.

பெட்டி வந்த காலை

ஊரடங்கு தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஏற்காட்டில் ஏரிப் பக்கம் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. காப்பிப் பூ அப்போதுதான் உதிர்ந்து முடிந்திருந்தது. காலையில் வாசலுக்கு வந்தால் அந்த வாசனையின் மிச்சம் கொஞ்சம் வரும்.

அப்படி ஒரு காலையில் காளியப்பனின் பிக்கப் வண்டி எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. காளியப்பன் செம்மநத்தத்து விவசாயி. காப்பி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கிறார். காய்கறி ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போய்வர அவருக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"ஏனுங்க ஐயா, பாட்டுப் பொட்டி வந்திருக்குதுங்க. எங்க எறக்கட்டுமுங்க?"

பீன்ஸ் மூட்டைகளுக்கு நடுவில், சாக்குப் போர்த்தி, எங்கள் தேவாலயத்துக் கால் ஹார்மோனியம் நின்றிருந்தது. இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தால் அடியிலுள்ள துருத்தி காற்றைக் கொடுக்கும். கை கட்டைகளை அழுத்தினால் பாட்டு வரும். அதைப் பல ஆண்டுகளாக வாசித்து வந்தவள் பியூலா. பள்ளியில் இசை ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இது.

தேவாலயத்தைப் பூட்டியதும் போதகருக்கு இந்தப் பெட்டியைப் பற்றித்தான் கவலை. எங்கள் மலையில் வாசிக்காமல் போட்டு வைத்தால் ஈரத்துக்குக் கட்டைகள் ஊதிக்கொள்ளும். பிறகு ஒன்றை அழுத்தினால் மூன்று கத்தும். தினமும் அரை மணி நேரமாவது யாராவது வாசித்தாக வேண்டும். அதனால் வாசிக்கிறவள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

அடுப்படிக்குப் பக்கத்து அறையில், சுவர் கதகதப்பாக இருக்கும் இடத்தில் வைத்தோம். பியூலா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து உட்கார்ந்தாள். இரண்டு காலையும் மிதியில் வைத்தாள். முதல் காற்றில் தூசி பறந்தது. காளியப்பன் திரும்பிக் கேட்டுக்கு வெளியே போய் நின்று முழுப் பாட்டையும் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க அம்மிணி. பீன்ஸுக்கும் நல்லதுங்க, வாடாது" என்றார்.

எம்.எஸ். என்றால் என்ன?

பியூலாவுக்கு இருப்பது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் நரம்பையே பகையென்று நினைத்து, அதன் மேலுறையைச் சுரண்டிவிடுகிறது. மின்சார ஒயரை அணில் கடித்துவிட்டால் விளக்கு ஒரு சமயம் எரியும், ஒரு சமயம் எரியாதே, அப்படி.

இருபத்தாறு வயதில் ஒரு கண்ணில் ஆரம்பித்தது. "அப்பா, கண்ணுக்குள்ள மூட்டம் போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள். அப்போது சேலத்தில் இருந்தோம். நான் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். கண் திரும்பியது. பிறகு கை மரத்தது, திரும்பியது. பிறகு கால்.

இந்த நோய்க்கு வெயில் ஆகாது. சேலத்து மத்தியானத்தில் அவள் கால்கள் துவண்டுவிடும். ஒரு விடுமுறைக்கு ஏற்காட்டுக்கு வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ்ஸைவிட்டு இறங்கியதும், கைத்தடியை அதிலேயே மறந்துவிட்டு நூறு அடி நடந்தாள். அவள் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். "ஏனுங்க, இனி இங்கதானுங்க நம்ம ஊடு" என்றாள். அப்படித்தான் நாங்கள் மலைவாசிகள் ஆனோம். தடி சேலத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

எம்.எஸ். என்ற பெயரால் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒருநாள் காளியப்பன் மிகுந்த கூச்சத்தோடு பியூலாவிடம் கேட்டார்: "அம்மிணி, இந்த மொழங்காலு வலிக்கு ஒரு மருந்து எழுதித் தருவீங்களா?"

"நானா? எனக்கே மருந்து எழுதித் தர சேலத்துல ஆளு இருக்குதுங்கண்ணா."

"அதென்னங்க அப்படிச் சொல்லிப்போட்டீங்க? எம்.எஸ். டாக்டருன்னு ஐயாதானுங்களே சொன்னாரு!"

நான் சொன்னது நோயை. அவர் எடுத்துக்கொண்டது பட்டத்தை. இரண்டு ஆண்டுகளாக அந்த மனிதர் என் மகளை அறுவைச் சிகிச்சை நிபுணர் என்று நம்பி, எழுந்து நின்று கும்பிட்டு வந்திருக்கிறார். பியூலா சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

இந்தத் தவறுதான் ஊரடங்கில் எங்களுக்குக் கை கொடுத்தது. குப்பனூர் சோதனைச் சாவடியில் வண்டியை மறித்து, யாருக்கு மருந்து என்று கேட்டிருக்கிறார்கள். "எம்.எஸ். அம்மிணிக்குங்க" என்றிருக்கிறார். "டாக்டரம்மாவுக்கா? போ, போ" என்று விட்டுவிட்டார்கள். இப்படி வந்தது முதல் மாத்திரைப் பெட்டி.

அதைத்தான் நான் ஒளித்தேன்.

நான் ஏன் அப்படிச் செய்தேன்

அந்த மாதங்களில் எல்லோர் வாயிலும் ஒரே சொல், எதிர்ப்புச் சக்தி. கபசுரக் குடிநீர், மஞ்சள் பால், இஞ்சிச் சாறு எல்லாம் அதைக் கூட்டத்தான். என் கைப்பேசியில் காலை வணக்கத்துக்கும் முந்தி அந்தச் சொல் வந்துவிடும்.

என் மகளின் மாத்திரையோ அந்தச் சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை. அவள் நோய்க்கு அப்படி அடக்குவதுதான் மருந்து. நாளுக்கு ஒன்று. ஊரே வேலி கட்டும்போது என் வீட்டில் மட்டும் தினமும் காலையில் வேலியைப் பிரிக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் மருத்துவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிடுவார் என்று தெரியும். முப்பது ஆண்டு உயிரியல் பேசிய வாய் எனக்கு. அந்தப் படிப்பு எனக்குக் கொடுத்தது தைரியத்தை மட்டும்தான்.

மாத்திரைப் பெட்டியை ரோட்டு வளைவிலேயே போய்க் காளியப்பனிடம் வாங்கிக்கொண்டேன். மருந்துக் கடைக்குப் போன் பேசுவதெல்லாம் என் பொறுப்பு. "சரக்கே வரலையாம் கண்ணு" என்றேன். அப்போது எதுவுமே வராத காலம், அவள் நம்பினாள். அடுத்த மாதம் இரண்டாவது பெட்டி வந்தது. அதுவும் மிளகுக்குள் போனது.

காலையில் மாத்திரைக்குப் பதிலாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். எவ்வளவு நல்ல அப்பன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பாதி வழியில் நின்ற பாட்டு

இரண்டாவது பெட்டி வந்து மூன்று வாரம் இருக்கும். பியூலா வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டு மெலிந்து, இழுத்து, நின்றது.

"அப்பா, என் வலது காலு மிதியில இருக்குதுங்களா?"

இல்லை. பக்கத்தில் தரையில் கிடந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவளுடைய சேலத்து மருத்துவர் வீடியோ அழைப்பில் வந்தார். பியூலா கைப்பேசியை ஹார்மோனியத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். காலைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை.

"மாத்திரை விடாம போடறீங்கதானேம்மா?"

"எங்கீங்க சார், மலைக்கே வந்து சேருலீங்களே."

நான் அடுப்படிக்குப் போனேன். டின்னைக் கவிழ்த்தேன். மிளகு தரையெல்லாம் உருண்டது. இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து ஹார்மோனியத்தின் மேல், கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். நோய் தொத்திக்குமோன்னு பயம்" என்றேன்.

மருத்துவர் இரண்டு பெட்டிகளையும் கேமராவுக்கு நேரே காட்டச் சொன்னார். பிறகு, "சார், நீங்க படிச்சவர்தானே?" என்றார். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் யாரும் அவ்வளவு மெதுவாகக் கேட்டு, அவ்வளவு வலித்த கேள்வி வேறில்லை.

இந்த மருந்தைத் திடீரென்று விட்டால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரலாம் என்றார். "பயமா இருந்தா ஒரு போன் போட்டிருக்கலாமே. இந்தப் பயம் எல்லார்க்கும் இருக்கு. நாளெல்லாம் அதுக்குத்தானே பதில் சொல்லிட்டிருக்கேன்" என்றார். உடனே சேலத்துக்கு வந்து ஐந்து நாள் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவு இடைவெளி விட்டதால் மாத்திரையையும் அவர்கள் கண்முன், நாடியைப் பார்த்துக்கொண்டேதான் மறுபடி தொடங்க வேண்டும்.

பியூலா ஒரு பெட்டியை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள்.

"மிளகு வாசம்" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

பத்தடி தூரத்துத் தூது

மறுநாள் இ-பாஸ் கிடைத்தது. காளியப்பன் வண்டியில், அவள் கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கினோம். துண்டு காயக் காய நான் நனைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. கிருமிக்குப் பயந்து மாத்திரையை ஒளித்தவன், அதே கிருமி நடமாடும் மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். இதைவிடப் பொருத்தமான தண்டனையை யாரும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது.

ஆறாம் நாள் திரும்பினோம். இடது கால் பழையபடி. வலது கால் பாதி வந்தது, மீதி வரவில்லை.

பேச்சும் வரவில்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் எப்படி இருப்பது? காளியப்பன் கேட்டுக்கு வரும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் அவரிடம் சொல்வாள். நான் பத்தடி தூரத்தில் நிற்பேன்.

"அண்ணா, காப்பியில சக்கரை சாஸ்தின்னு சொல்லுங்க."

"ஐயா, காப்பியில சக்கரை சாஸ்தியாமுங்க."

"கேட்டுச்சு. கொறச்சுக்கறேன்னு சொல்லுங்க."

"அம்மிணி, கொறச்சுக்கறாராமுங்க."

"கபசுரக் குடிநீர அவரையே குடிச்சுக்கச் சொல்லுங்க."

காளியப்பன் என்னைப் பார்த்தார். "ஐயா, இதை நான் சொல்லோணுமுங்களா, நீங்களே புரிஞ்சுக்கறீங்களா?"

அவருக்கும் என் மேல் கோபம்தான். இரண்டு பெட்டிகளையும் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவந்தவர் அவரல்லவா? ஆனாலும் அந்த ஆண்டு கூட்டமே இல்லாமல் நடந்த சேர்வராயன் கோயில் திருவிழாவன்று தூரத்திலிருந்தே கும்பிட்டு, அம்மிணி காலுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். "உங்களுக்கும் சேத்துத்தானுங்க ஐயா வேண்டிக்கிட்டேன். புத்தி வரோணும்னு."

கட்டைச் சத்தம்

பெட்டி அரை மணி நேரம் வாசிக்கப்பட்டே ஆக வேண்டும் என்று சொன்னேனே. ஒரு காலை அடுத்த அறையிலிருந்து விசித்திரமான சத்தம் கேட்டது. டக், டக், டக்டக். எட்டிப் பார்த்தேன். பியூலா கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தாள். மிதிக்கவில்லை. காற்றில்லாத பெட்டியில் ஒரு முழுப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். வெறும் கட்டைச் சத்தத்திலேயே அது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரிந்தது. அவள் அம்மாவின் அடக்கத்தன்று வாசித்தது.

நான் போய்த் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் நெட்டி முறிந்தன. இரண்டு மிதிகளையும் கையால் அழுத்தத் தொடங்கினேன்.

பெட்டி ஒரு கன்றுக்குட்டி மாதிரிக் கத்தியது. பியூலாவின் கை நின்றது. நான் நிமிரவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டையும் ஒண்ணா அமுக்கக் கூடாது" என்றாள் மேலிருந்து. "எடது ஒண்ணு, வலது ஒண்ணு. மாத்தி மாத்தி. பாட்டு முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாதுங்கப்பா."

அந்த 'ங்கப்பா' வந்து சரியாகப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

அன்று முதல் தினமும் நான் அவள் காலானேன். எனக்குத் தாளம் என்பது பிறவியிலேயே கிடையாது. பாட்டு மெதுவாகப் போகும்போது ஓடுவேன். ஓடும்போது மூச்சு வாங்குவேன். "இது காப்பித் தோட்டத்துல மருந்தடிக்கிற பம்பு இல்லீங்கப்பா" என்பாள். சில நாளில் கைக்குப் பதில் கால் என்று முன்னேறி, அவளுக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். இடது மிதி அவளுக்கு, வலது மிதி எனக்கு.

மாத்திரை விஷயத்தில் மட்டும் எனக்கு இடம் இல்லை. காளியப்பன், "அம்மிணி கையிலதானுங்க குடுப்பேன்" என்று பெட்டியை என் தலைக்கு மேலாக நீட்டுவார். அவள் அதை எங்கே வைக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. தினமும் காலையில் என் முன்னால் மாத்திரையை விழுங்கிவிட்டு, நாக்கை நீட்டிக் காட்டுவாள். பள்ளிப் பிள்ளை ஆசிரியருக்குக் காட்டுவதுபோல. உண்மையில் அங்கே தண்டனையில் நின்றது நான்தான்.

நானும் அந்த மிளகு டின்னைத் தொடுவதை விட்டேன். ரசத்துக்கு மிளகு வேண்டுமென்றால் அவளைத்தான் எடுக்கச் சொல்வேன்.

நான் பயந்தது வந்தது

அடுத்த அலையில் கொரோனா எங்கள் இருவரையுமே தொற்றியது.

பியூலாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். காய்ச்சலில் கால் இரண்டும் அடியோடு படுத்துக்கொண்டன. எனக்கு உயிர் போயிற்று. காய்ச்சல் இறங்கியதும் கால்களும் எழுந்துகொண்டன. எல்லோருக்கும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதே நோய் உள்ளவர்களோடு அவள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். அதில் சிலர் சாதாரணச் சளிபோலத் தாண்டினார்கள். ஒருவர் மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. அன்று அவள் ஹார்மோனியத்தைத் திறக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தது, எதிர்ப்புச் சக்தியைக் குடம் குடமாகக் குடித்த நான்தான்.

ஒரு மாலை, மூடிய கதவுக்கு அப்பால் பாட்டு கேட்டது. என் கால் இல்லாமல். இடது காலால் மட்டும் மிதித்ததால் ஒவ்வோர் அடிக்கும் நடுவில் பாட்டு மூச்சு விட்டது. கேட்டுக்கொண்டே கிடந்தேன். பாட்டின் மூன்றாவது அடியில் ஒரு புதுச் சத்தம். இடது மிதி இறங்கும்போது ஒரு 'டொக்'. கொஞ்சம் தாமதமாக, தயங்கித் தயங்கி, இன்னொரு 'டொக்'.

வலது மிதி.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினேன். இருமல் வந்தது. "அங்க என்னங்கப்பா சத்தம்?" என்றாள். "ரசிகர்" என்றேன்.

தேவாலயம் திறந்தது

கிறிஸ்துமஸுக்குப் பெட்டி தேவாலயத்துக்குத் திரும்பியது. அதே பிக்கப், இம்முறை சௌசௌ மூட்டைகளுக்கு நடுவில். காளியப்பனும் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "பொட்டி சரியா வாசிக்குதான்னு பாத்துட்டுப் போறேனுங்க" என்றார், அவரே செய்த பெட்டி மாதிரி.

பெஞ்சின் இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். நான்கு அடிப் பாட்டில் மூன்று அடி வரை அவள் வலது கால் தாங்கும். தளரும்போது என் செருப்பை ஒரு மிதி மிதிப்பாள், நான் பிடித்துக்கொள்வேன். இதுதான் எங்கள் ஏற்பாடு. அன்று மகிழ்ச்சியில் பாட்டு முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. சபை முழுவதும் உட்கார்ந்த பிறகும் மிதித்துக்கொண்டிருந்தேன். நிசப்தத்தில் பெட்டி புஸ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது.

"பாட்டு முடிஞ்சிருச்சுங்கப்பா" என்றாள். முகக்கவசத்துக்குள்ளிருந்தும் அது கடைசி வரிசை வரை கேட்டது. போதகரே சிரித்துவிட்டார்.

வீடு திரும்பும்போது தைரியம் வந்து கேட்டேன். "என்னை மன்னிச்சிட்டியா கண்ணு?"

"மாத்திரைய மட்டும் உங்க கையில தரமாட்டேன். மத்ததெல்லாம் தரேன்" என்றாள். நியாயமான தீர்ப்பு. ஏற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகள் அந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை. அவள் வலது கால் இன்னும் பாட்டின் மூன்று அடிக்குத்தான் தாங்குகிறது. நான்காவது அடி என்னுடையது.

போன வாரம் காலை. பியூலா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை மாவு. கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, என் மாத்திரைய எடுத்துட்டு வாங்க."

நான் அசையவில்லை. சரியாகக் கேட்டேனா என்று நின்றேன்.

"உங்களத்தானுங்க. நேரமாகுது."

"எங்க இருக்கு கண்ணு?"

"மிளகு டின்னுல."

திரும்பிப் பார்த்தேன். மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருசமா அங்கயேதானுங்க இருக்குது. இந்த ஊட்டுல நீங்க தொடாத எடம் அது ஒண்ணுதானுங்களே!"

டின்னைத் திறந்தேன். மிளகுக்கு அடியில், நான் அன்று ஒளித்த இடத்திலேயே பாலித்தீன் பையில் சுற்றி இருந்தது. ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்தாள், நாக்கில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, வழக்கம்போல நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"மிளகு வாசம்" என்றாள்.